எதிரே ஆள் நிற்கட்டும்

சம்பா அறுவடை முடிந்து வயலெங்கும் உளுந்தும் பயறும் தலைகாட்டும் மாதங்கள்தான் தஞ்சைத் தரணியில் கபடிக்கு உரிய காலம். தைப் பொங்கலில் தொடங்கி, மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும் ஜூன் வரை, ஒரத்தநாடு, மன்னார்குடி, பாபநாசம், பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஊர்த் திடலில் மின்னொளி கபடி நடந்துகொண்டேயிருக்கும். 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணியைப் புரோ கபடிக் கோப்பைக்கு அழைத்துச் சென்ற தலைவர் தர்மராஜ் சேரலாதன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் மன்னார்குடியை அடுத்த வடுவூரின் அபினேஷ் இருந்தார். ஆட்டத்துக்குக் குறைவில்லாத மண் இது. ஆனால் பயிற்சி என்று வந்துவிட்டால் நம் திடல்களில் பெரும்பாலும் காண்பது வேறொரு காட்சி. வரிசையாக ஆறேழு பிளாஸ்டிக் கோன்கள். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அவற்றை வளைந்து வளைந்து சுற்றி ஓடுவார்கள். ஓரத்தில் ஒருவர் ஸ்டாப் வாட்ச்சுடன் நிற்பார். உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோன் யாரையும் ஏமாற்றாது, எந்தப் பக்கமும் பாயாது. நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கும். எதிராளி என்ன செய்வான் என்று தெரியாத ஆட்டத்துக்கு, எல்லாம் முன்கூட்டியே தெரிந்த பயிற்சி எந்த அளவுக்கு உதவும்? கபடிப் பயிற்சியில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பயிற்சியாளர்கள் ‘அஜிலிட்டி’ என்று சொல்வதைத் தமிழில் லாவகம் எனலாம். நீண்ட காலம் இதற்குப் பொருள், வேகம் குறையாமல் திசை மாறி ஓடுவது என்பது மட்டுமாகவே இருந்தது. 2006-இல் ஷெப்பர்ட், யங் என்ற இரு விளையாட்டு அறிவியல் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு சிறிய திருத்தம் சொன்னார்கள்: ஏதோ ஒன்றைக் கண்டு, அதற்குப் பதிலாக, முழு உடலும் விரைந்து வேகத்தையோ திசையையோ மாற்றுவதுதான் லாவகம். ‘கண்டு’ என்ற அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதன்படி, தெரிந்த பாதையில் வளைந்து ஓடுவது ஒரு திறமை. அதற்குக் காலும் தொடையும் இடுப்பும் போதும். தெரியாத ஒன்றைப் பார்த்து முடிவெடுத்துத் திரும்புவது வேறு திறமை. அதற்குக் கண்ணும் மூளையும் சேர வேண்டும். ஷெப்பர்டும் அவருடைய குழுவினரும் அதே ஆண்டில் 38 ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மேல்நிலை வீரர்களும் அடுத்த நிலையினரும் நேர் ஓட்டத்தில் பெரிதாக வேறுபடவில்லை. முன்பே சொல்லப்பட்ட திசையில் திரும்பி ஓடுவதிலும் அப்படியே. எதிரே ஓர் ஆளை நிறுத்தி, அவர் நகரும் பக்கம் பார்த்துத் திரும்பச் சொன்னபோதுதான் மேல்நிலை வீரர்கள் முந்தினார்கள். காலில் தெரியாத வித்தியாசம் கண்ணில் தெரிந்தது.

‘அப்படியானால் நல்ல வீரருக்குப் பிறவியிலேயே கண் வேகம் அதிகமா?’ என்று தோன்றும். இல்லை என்பதுதான் விடை. ஒரு விளக்கு எரிந்ததைப் பார்த்துப் பொத்தானை அழுத்த ஆரோக்கியமான இளைஞர் எவருக்கும் ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடவோ குறையவோ, ஆகும். பீட்டர் மெக்லியோட் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. விரிப்பின் அடியில் சிறு மரக்குச்சிகளை ஒளித்துவைத்து, பந்து குத்திய பிறகு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபடி செய்து, சர்வதேச கிரிக்கெட் ஆட்டக்காரர்களை மட்டை பிடிக்கச் சொன்னார். பந்து திரும்பியதற்கு ஏற்ப மட்டையை மாற்ற அவர்களுக்கும் அதே ஐந்தில் ஒரு பங்கு நொடி தேவைப்பட்டது. இதைக் கபடிக் களத்துக்குக் கொண்டுவந்து கணக்குப் போடுவோம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாயும் ரைடர் (பாடி வருபவர்) அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குள் 1 மீட்டர் கடந்துவிடுவார். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை உள்ள தூரமே 6.5 மீட்டர்தான். போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் 1.75 மீட்டர். ரைடர் பாய்ந்த பிறகு பார்த்துப் பதில் செய்யலாம் என்று நிற்கும் கார்னர் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர்), பதில் செய்யும்போது வெறும் காற்றைத்தான் பிடிப்பார்.

ஆனாலும் நல்ல கார்னர்கள் பிடிக்கிறார்களே, எப்படி? நடக்கப்போவதை நடப்பதற்கு முன்பே ரைடரின் உடலில் படித்துவிடுகிறார்கள். ஒரு ரைடைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பாடிக்கொண்டு உள்ளே வரும் ரைடர், இடது கார்னரை நோக்கிக் கையை வீசுகிறார். தோளைச் சாய்க்கிறார், தலையையும் அந்தப் பக்கம் திருப்புகிறார். பழகாத கண் அந்தக் கையைப் பார்க்கும். கார்னர் ஓரடி பின்வாங்குவார். அதற்குள் ரைடர் எதிர்ப்பக்கம் திரும்பி வலது கவர் தடுப்பாளரைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார். பழகிய கண் கையைப் பொருட்படுத்தாமல் இடுப்பில் நிற்கும். ஏனென்றால் கையால் பொய் சொல்லலாம், தோளால் சொல்லலாம், தலையால் சொல்லலாம். உடலின் எடை மொத்தமும் தங்கும் இடுப்பால் பொய் சொல்வது மிகக் கடினம். அதே ரைடர் போனஸுக்குக் காலை நீட்டும்போது, பின்னங்காலைத் தூக்கினால்தான் புள்ளி என்பதால், ஒரு கணம் அவர் எடை முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அந்தக் கால் அப்போது எங்கும் நகர முடியாது. கணுக்கால் பிடி போடுபவர் காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்குத்தான். ரக்பி ஆட்டத்தில் பிரோல்ட், கிரெய்க் முதலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஏமாற்றி ஓடுபவரின் தலையும் மேலுடலும் ஒரு பக்கம் போகும். உடல் எடையின் மையமோ உண்மையான திசையைத்தான் காட்டும். அனுபவசாலிகள் அந்த உண்மைக் குறியைக் காணும் வரை சற்றுப் பொறுத்திருந்து நகர்ந்தார்கள். புதியவர்கள் பொய்க் குறிக்கு முந்திப் பாய்ந்து ஏமாந்தார்கள்.

சேரலாதனின் ஆட்ட வாழ்க்கையை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1975-இல் பிறந்தவர். 2016-இல் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை ஏந்தியபோதும், அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றபோதும் அவருக்கு வயது 41. தம்மைவிட இருபது வயது இளைய ரைடர்களை எதிர்த்துக் கார்னரில் நின்றார். நாற்பது வயதில் யாருக்கும் கால் வேகம் கூடுவதில்லை. பொத்தான் அழுத்தும் வேகமும் கூடுவதில்லை. கூடுவது பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு: இந்த ரைடர் எந்தக் காலை முன்வைத்து நுழைவார், எந்தப் பக்கம் திரும்பினால் எதற்காகத் திரும்புகிறார், எப்போது மெய்யாகவே வருகிறார், எப்போது சும்மா போக்குக் காட்டுகிறார் என்ற அறிவு. உளவியலில் இதற்கு ஒரு விளக்கமும் உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று ஹிக் 1952-இலேயே காட்டினார். ரைடர் நான்கில் எதையும் செய்யலாம் என்று நிற்பவரைவிட, ‘இவர் நின்ற நிலைக்கு இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும்’ என்று அறிந்து நிற்பவருக்கு நேரம் மிச்சமாகிறது. அனுபவம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதன் உள்ளே இருப்பது இந்த மிச்ச நேரம்தான்.

இந்த அறிவை வயது ஏறும் வரை காத்திருந்துதான் பெற வேண்டுமா? இல்லை, பயிற்சியில் கொடுக்கலாம். வாரன் யங்கும் ரோஜர்ஸும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 18 வயதுக்கு உட்பட்ட ஆஸ்திரேலியக் கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, திசை மாறி ஓடும் வழக்கமான பயிற்சி. மற்றதற்கு, சிறிய இடத்தில் குறைந்த ஆட்களோடு ஆடும் சிற்றாட்டங்கள். ஏழு வாரத்தில் 11 பயிற்சிகள். முடிவில் சிற்றாட்டம் ஆடியவர்களின் லாவகம் தெளிவாக முன்னேறியிருந்தது. அந்த முன்னேற்றம் பெரிதும் முடிவெடுக்கும் நேரம் குறைந்ததால் வந்தது. திசை மாறி ஓடிப் பழகிய பிரிவினருக்கு எதிராளியைப் பார்த்துத் திரும்புவதில் அப்படி ஒரு பலன் இல்லை. கோன் சுற்றினால் கோன் சுற்றும் திறமை வரும். எதிராளியோடு பழகினால்தான் எதிராளியைப் படிக்கும் திறமை வரும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ‘இப்போதுதான் விளக்குக் கருவிகள் வந்துவிட்டனவே? ஃபிட்லைட், பிளேஸ்பாட் போன்றவற்றில் எந்த விளக்கு எப்போது எரியும் என்று யாருக்கும் தெரியாது. எரிந்ததும் ஓடித் தொட வேண்டும், நேரத்தையும் துல்லியமாகக் காட்டும். அவற்றை வாங்கினால் போதாதா?’ அந்தக் கருவிகளைப் பயனற்றவை என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும், முதல் அடியை வேகமாக எடுக்கப் பழக்கும், காயத்திலிருந்து மீள்பவருக்கு உதவும். கோனைவிட ஒரு படி மேல் என்பதும் உண்மை. ஆனால் விளக்குக்கு இடுப்பு இல்லை. அது எரிவதற்கு முன் எந்த முன்குறியும் தராது. எரிந்த பிறகு பொய்யும் சொல்லாது. ஆகவே அதில் படிப்பதற்கு எதுவுமில்லை. பச்சை விளக்கைத் தொடும் நேரம் குறையும்; ரைடரின் இடுப்பைப் படிக்கும் நேரம் அதனால் குறைந்துவிடாது. யங்கும் ஃபேரோவும் 2013-இல் இதையேதான் வலியுறுத்தினார்கள்: பயிற்சியில் தரும் குறி அந்தந்த ஆட்டத்துக்கு உரிய குறியாக இருக்க வேண்டும். பொதுவான கண் பயிற்சிகளின் கதையும் இதுதான். 2001-இல் அபர்னதியும் வுட்டும் அத்தகைய பயிற்சிகளைச் சோதித்தபோது, அவற்றால் ஆட்டத்தில் பலன் எதுவும் தென்படவில்லை. ஓர் ஊர்க் கபடிக் கழகம் கையிலிருக்கும் பணத்தை விளக்குக் கருவியில் போடுவதற்கு முன் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். நல்ல தரைவிரிப்பும், முழங்கால் உறையும், காயம்பட்ட பிள்ளைக்கு மருத்துவச் செலவும் அதைவிட அவசரமானவை.

‘எங்கள் பிள்ளைகள் தினமும் ஆட்டம் ஆடுகிறார்கள், எதிராளியைப் பார்க்க அதுவே போதாதா?’ என்பது இரண்டாவது மறுப்பு. ஆட்டம்தான் சிறந்த ஆசான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆசான் மெதுவாகச் சொல்லித் தருபவர். 40 நிமிட ஆட்டத்தில் ஒரு ரைடுக்கு 30 நொடி என்று வைத்தால் ஓர் அணி எதிர்கொள்வது ஏறக்குறைய 40 ரைடுகள். அவற்றுள் பல வெறுமனே நேரம் கடத்திவிட்டுத் திரும்பும். ஒரு கார்னர் மெய்யாகவே முடிவெடுத்துப் பாய வேண்டிய தருணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கவரில் நிற்கும் புதிய பிள்ளைக்கு அதுவும் இல்லை. முதலில் தொடப்பட்டு வெளியே உட்கார்ந்தால் மீதி நேரம் பார்வையாளர்தான். யாருக்கு அதிகப் பழக்கம் தேவையோ அவருக்கே குறைந்த வாய்ப்பு கிடைக்கிறது. பயிற்சி என்பது அந்தத் தருணத்தை மட்டும் ஆட்டத்திலிருந்து வெட்டி எடுத்து, ஒரு மாலையில் ஐம்பது முறை எல்லோருக்கும் கொடுப்பது.

மூன்றாவது மறுப்பு மூத்த பயிற்சியாளர்களிடமிருந்து வரும்: ‘முதலில் அடிப்படை. கால் நிற்கவில்லை, இடுப்பு தாழவில்லை. அதற்குள் எதிர்பாராத பயிற்சி கொடுத்தால் முழங்கால் போய்விடும்.’ இது மிகச் சரியான எச்சரிக்கை. பீசியர், லாயிட் முதலியோர் 2001-இல் அளந்து பார்த்தபோது, முன்கூட்டித் தெரிந்து திரும்புவதைவிடத் தெரியாமல் சட்டென்று திரும்பும்போது முழங்காலை முறுக்கும் விசைகள் இரண்டு மடங்கு வரை கூடின. ஆகவே கோனுக்கும் இடமுண்டு. இளம் பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் தெரிந்த திசையில் மெதுவாகத் திரும்பவும், முழங்கால் உள்ளே மடியாமல் நிற்கவும் கற்றுத்தர அதுவே ஏற்றது. பிறகு இரண்டு திசைகளில் ஒன்று. பிறகு மெதுவாக நகரும் எதிராளி. கடைசியில் முழு வேகம், முழு ஏமாற்று. அதே ஆய்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது. ஆட்டத்தில் அந்த எதிர்பாராத முறுக்கு எப்படியும் வரத்தான் போகிறது. கோனை மட்டுமே சுற்றிய முழங்கால், அந்தச் சுமையை முதல் முறையாகச் சந்திப்பது போட்டி நடுவில் என்றால் அதுதான் ஆபத்து. அடிப்படை வேண்டும் என்ற வாதம், அடிப்படையிலேயே நின்றுவிட வேண்டும் என்ற வாதமாக ஆகிவிடக் கூடாது.

எதிராளியை வைத்துப் பழகினால் முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்று கேட்கலாம். அதற்கும் பெரிய செலவில்லை. கைப்பேசியில் நொடிக்கு 60 படம் எடுக்கும் வசதி இன்று சாதாரணம். ரைடரும் கார்னரும் ஒன்றாகத் தெரியும்படி கைப்பேசியை ஓர் உயரத்தில் நிறுத்திப் பதிவு செய்யுங்கள். ரைடரின் இடுப்பு திரும்பிய படத்திலிருந்து கார்னரின் முதல் அடி எழும் படம் வரை எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். ஒரு படம் என்பது ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு. முதல் வாரம் 18 படம், இரண்டு மாதம் கழித்து 13 படம் என்றால், முன்னேற்றம் கண்ணெதிரே இருக்கிறது. பொய்க் குறிக்கு எத்தனை முறை பாய்ந்தார் என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவரலாம். அதே பதிவை வேறொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். ரைடர் தொடுவதற்குச் சற்று முன் படத்தை நிறுத்திவிட்டு, ‘அடுத்து என்ன செய்வார்? எதைப் பார்த்துச் சொல்கிறாய்?’ என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அபர்னதியும் ரஸ்ஸலும் 1987-இல் இறகுப்பந்து வீரர்களிடம் படத்தை இப்படி இடையில் நிறுத்தித்தான், கைதேர்ந்தவர்கள் மட்டையை மட்டுமன்றி அதைப் பிடித்த கையையும் படிக்கிறார்கள் என்று கண்டறிந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் நடந்ததை இன்று கோயில் வாசல் திண்ணையிலேயே செய்துவிடலாம்.

களத்தில் செய்ய வேண்டியதும் எளிது. தடுப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் பயிற்சியாளர் நின்றுகொண்டு ரைடருக்கு மட்டும் விரல் காட்டட்டும்: ஒன்று என்றால் கை தொடுதல், இரண்டு என்றால் கால் நீட்டல், மூன்று என்றால் போனஸ். என்ன வரும் என்று தடுப்பவர்கள் ரைடரின் உடலை மட்டும் பார்த்துத்தான் அறிய வேண்டும். பத்து நொடி ஆட்டம், அரை நிமிடம் ஓய்வு, அடுத்த ரைடர். எப்போதும் ஒரே ஆளை ரைடராக வைக்காமல் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய பழக்கம் மட்டுமே மனப்பாடம் ஆகும். கைகோத்து நிற்கும் கார்னரையும் அவரை அடுத்த ‘இன்’ தடுப்பாளரையும் சேர்த்துப் பழக்க வேண்டும். கூட இருப்பவரின் கை இழுப்பும் ஒரு குறிதான். தொடுகைக்கு உடல் கண்ணைவிடச் சற்று விரைவாகவே பதில் சொல்லும். இதெல்லாம் புதிதும் இல்லை. நம் தெருக்களில் ஆடிய கிளித்தட்டு வேறென்ன? கோட்டைக் காப்பவர், தாண்ட வருபவரின் உடலைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் மாறும் ஆட்டம் அது. எந்த ஆய்வும் இல்லாமல் நம்மவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்த லாவகப் பள்ளி. அந்தத் தெரு ஆட்டம் குறைந்துவரும் இந்த நாளில் பள்ளி உடற்கல்வி வகுப்பில் வாரம் ஒருமுறை கிளித்தட்டுக்கு இடம் கொடுத்தால், கபடிக்கு மட்டுமன்றி எந்த ஆட்டத்துக்கும் அது அடித்தளமாகும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பையன்கள் திடலில் கழிக்கும் மாலை நேரங்கள் அவர்களில் பலருக்குக் கிடைப்பதில்லை. தெருவில் கற்க முடியாததைப் பள்ளி மைதானமாவது கற்றுத்தர வேண்டும்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், 1990 முதல் தொடர்ந்து தங்கம் வென்றுவந்த இந்திய ஆண்கள் அணியை ஈரான் அரையிறுதியிலேயே வீழ்த்தியது. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றை மறுக்க முடியாது: ஈரானின் முன்னணித் தடுப்பாளர்கள் புரோ கபடியில் நம் ரைடர்களுக்கு எதிரே ஆண்டுக்கணக்கில் நின்று, அவர்களை நேரில் படித்தவர்கள். எதிராளியைப் பார்த்துப் பழகியவருக்கே கபடி வசப்படும். டெல்டாவின் ஊர்க் கழகங்களை நடத்தும் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். இன்று மாலைப் பயிற்சியில், உடலைச் சூடாக்கி முடித்ததும், வரிசையிலிருந்து ஒரு கோனை எடுத்து ஓரமாக வையுங்கள். அந்த இடத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி, ‘எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ’ என்று சொல்லுங்கள். அவன் எதிரே நிற்பவனின் கண் எங்கே போகிறது என்று கவனியுங்கள். கைக்குப் போனால், பயிற்சியை அங்கிருந்து தொடங்குங்கள்.